ஒரே சட்டத்தில் இரு காட்சி: மல்டிபிள் எக்ஸ்போஷர் பழகும் முறை

நான் எடுத்த முதல் மல்டிபிள் எக்ஸ்போஷர் படம் திட்டமிட்டு எடுத்ததன்று. ஃபிலிம் காலத்தில், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு காலை முழுவதும் படமெடுத்துச் சுற்றி முடித்த ரோலின் முனை டப்பாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் புது ரோல் என்று எண்ணி, மறு வாரம் அத்தை மகளின் மஞ்சள் நீராட்டு விழாவில் மீண்டும் கேமராவில் ஏற்றிவிட்டேன். கழுவி வந்தபோது சீர்வரிசைத் தட்டுகளுக்கு நடுவே விசைப்படகு நின்றது. மணையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தோளில் கயிறு கட்டியிருந்தது. அத்தை நெடுநாள் என்னிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அந்த 36 படங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தபோதுதான் இந்தக் கலையின் அடிப்படை எனக்குப் புலப்பட்டது. காசிமேட்டின் வெளிறிய வானம் விழுந்த இடங்களில் மண்டபமும் சொந்தக்காரர்களும் அழிந்து போயிருந்தார்கள். படகின் கறுத்த உடல் விழுந்த இடங்களில் மட்டும் அவர்கள் பொட்டும் பூவுமாகத் தெளிவாக இருந்தார்கள்.

ஒரே சட்டத்தின் (ஃபிரேமின்) மேல் இரண்டு முறையோ அதற்கு மேலோ ஒளியை விழச் செய்வதுதான் மல்டிபிள் எக்ஸ்போஷர். ஃபிலிமில் விழுந்த ஒளியின்மேல் மறுபடியும் ஒளி விழுந்தால் அது கூடுமே தவிரக் குறையாது. முதல் படத்தில் வெளுத்துப்போன இடம் நிரம்பிய குடத்தைப் போன்றது. அதில் எதை ஊற்றினாலும் வழிந்துவிடும். இருண்ட இடம் வெறுங்குடம். ஆகவே எந்தக் காட்சியை எதன்மேல் ஏற்றுவது என்று யோசிப்பதற்கு முன்பாக, முதல் படத்தில் இருட்டு எங்கே இருக்கிறது, அது என்ன வடிவத்தில் இருக்கிறது என்று பார்க்கப் பழக வேண்டும். பெரும்பாலானோர் அழகான இரண்டு காட்சிகளைத் தேர்ந்தெடுத்து ஒன்றின் தலையில் மற்றொன்றைக் கவிழ்க்கிறார்கள். இரண்டும் சேர்ந்து குழம்பிவிடுகின்றன. நான் இன்றும் சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் ஒரு செவ்வகம் வரைந்து, முதல் படத்தின் இருண்ட பகுதியைப் பென்சிலால் தீட்டி, அந்தத் தீட்டலுக்குள் எது வரப்போகிறது என்று எழுதிய பிறகுதான் ஷட்டரை அழுத்துவேன்.

ஒளியின் கணக்கு

இரண்டு படங்களும் ஏறத்தாழ ஒரே அளவு வெளிச்சமுள்ளவை என்றால், ஒவ்வொன்றையும் கேமராவின் ஒளி மீட்டர் காட்டும் அளவைவிட ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது ஒளியைப் பாதியாக்கி, எடுக்க வேண்டும். நான்கு படங்களானால் இரண்டு ஸ்டாப், எட்டானால் மூன்று ஸ்டாப் குறைக்க வேண்டும். மூன்று படங்களுக்கு ஒன்றரை ஸ்டாப்புக்குச் சற்று மேல் போதும். ஃபிலிமில் இதையே வேறு விதமாகச் செய்வார்கள்: 100 ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளியுணர் திறன்) ரோலைப் போட்டு, இரண்டு முறை எடுப்பதானால் கேமராவில் 200 என்றும், நான்கு முறை எடுப்பதானால் 400 என்றும் திருகி வைத்துவிட்டால் மீட்டரே குறைத்துக் கொடுத்துவிடும்.

இந்தக் கணக்கை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஒளியின்மேல் ஒளி விழும் இடத்துக்கு மட்டுமே இது பொருந்தும். கரும் பின்னணியில் நிற்கும் ஒருவரை இடப்பக்கம் ஒரு முறையும் வலப்பக்கம் ஒரு முறையும் எடுத்தால் எதையும் குறைக்க வேண்டியதில்லை; குறைத்தால் இருவருமே அழுக்காகத் தெரிவார்கள்.

கேமராவில் இதற்கென்று தனி வசதி இருந்தால் நல்லது. 2012இல் வந்த கேனன் 5டி மார்க் 3 முதலான கேமராக்களிலும், நிக்கான், ஃபியூஜிஃபிலிம் நிறுவனங்களின் பல மாடல்களிலும் மெனுவில் மல்டிபிள் எக்ஸ்போஷர் என்றே இருக்கும். விலை குறைந்த தொடக்கநிலை கேமராக்கள் பலவற்றில் இது இல்லை. அவற்றை வைத்திருப்பவர்களுக்கும் கீழே வழி சொல்லியிருக்கிறேன். அந்த மெனுவுக்குள் பெரும்பாலும் நான்கு முறைகள் இருக்கும். அடிட்டிவ் என்பது ஃபிலிமைப் போல ஒளியை அப்படியே கூட்டும். குறைக்க வேண்டியதை நாம்தான் குறைக்க வேண்டும். ஆவரேஜ் என்பது கேமராவே வகுத்துச் சராசரியாக்கிக் கொடுப்பது. பிரைட், அல்லது நிக்கானில் லைட்டன் என்பது, ஒவ்வொரு புள்ளியிலும் எந்தப் படம் அதிக வெளிச்சமாக இருக்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொள்ளும். டார்க் இதற்கு நேர்மாறு: அதில் கருமைதான் வெல்லும், வெண்மை வெற்றிடமாகிவிடும். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கைகளை வெளிறிய வானத்தின் பின்னணியில் நான்கு முறை எடுத்து டார்க்கில் சேர்த்தால், நான்கு காக்கைகள் பதினாறாகிவிடும்.

காசிமேட்டில் முதல் பயிற்சி

தொடங்குபவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் பயிற்சி, ஒரு மனிதரின் நிழலுருவத்துக்குள் அவருடைய தொழிலை நிரப்புவது. இதற்குக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தைவிடத் தோதான இடம் வடசென்னையில் இல்லை. அங்கே கடல் கிழக்கே இருப்பதால், சூரியன் எழுந்து அரைமணி நேரம் வரை கரையில் நிற்கும் எல்லாரும் வானத்தின் முன் கறுத்த உருவங்களாகவே தெரிவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் சென்றால் விசைப்படகுகள் எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். வலை பின்னுபவர்களும் படகுக்கு வண்ணம் பூசுபவர்களும் ஓரளவு ஓய்வாக இருப்பார்கள். மற்ற நாட்களில் ஏலம் நடக்கும் இடத்தில் முக்காலியை (டிரைபாடை) விரித்து நிற்பது தகாது. கூடை தூக்கி வருபவருக்கு வழி விடுங்கள். "ண்ணா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா" என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

முதல் படத்துக்கு, மனிதரின் தலையும் தோளும் முழுவதுமாக வானத்துக்கு முன்னால் வரும்படி நீங்கள் சற்றுத் தாழ்ந்து நில்லுங்கள். அவருக்குப் பின்னால் பாய்மரமோ கொடியோ தலையில் முளைத்ததுபோல் நிற்கக் கூடாது. பக்கவாட்டு முகமானால் மூக்கும் தாடையும் துலங்கும். சூரியனைச் சட்டத்துக்குள் விடாமல், வானத்தைப் பார்த்து ஸ்பாட் மீட்டரில் (ஒரு சிறு பகுதியை மட்டும் அளக்கும் முறையில்) அளந்து, அந்த அளவைவிட இரண்டு ஸ்டாப் அளவுக்குக் கூட்டி எடுங்கள். வானம் வெள்ளைத் தாளைப் போல வெளுக்க வேண்டும். மனிதர் கறுப்பாகவே இருக்க வேண்டும். அவர் முகத்தில் விவரம் தெரியத் தொடங்கினால் கூட்டியது அதிகம், அல்லது நேரம் கடந்துவிட்டது. வானம் சாம்பல் நிறமாகவே இருந்தால் இரண்டாவது படம் உருவத்தைத் தாண்டி வானத்திலும் கசியும். இந்தப் பயிற்சியில் பெரும்பாலான படங்கள் கெடுவது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது படத்துக்குக் குவித்து வைத்திருக்கும் நைலான் வலையிடம் செல்லுங்கள். பச்சையும் நீலமுமாக அது சட்டம் முழுவதையும் நிரப்பும்படி நெருங்கி, ஃபோகஸ் கூர்மையாக வைத்து, மீட்டர் அளவிலோ அதற்கு ஒரு ஸ்டாப் குறைவாகவோ எடுங்கள். வலையின் முடிச்சுகள் முதல் படத்தின் இருட்டுக்குள் மட்டும் தோன்றும்; வெளுத்த வானத்தில் விழுந்தவை காணாமல் போகும்; மனிதர் வலையால் நெய்யப்பட்டவராக நிற்பார். எதை வைத்து நிரப்பலாம் என்பதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. உடைத்த ஐஸ் பார்க்க அழகுதான், ஆனால் அது அளவுக்கு மீறி வெண்மையானது. உருவத்தையும் வெளுத்து வானத்தோடு கரைத்துவிடும். கடல் அலையில் பெரிய வடிவங்கள் மட்டும் இருப்பதால் சிறிய உருவத்துக்குள் அது வெறும் மங்கலாகத்தான் தெரியும். சிறிய ஒளியும் சிறிய நிழலும் மாறி மாறி வரும் பொருள்களே ஏற்றவை: வலை, கயிற்றுச் சுருள், கருவாட்டு வரிசை, பெயிண்ட் உரிந்த படகின் பலகை. மீன் செதிள் நன்றாக வரும், ஒரு ஸ்டாப் குறைத்தால்.

ஒளியைக் கூட்டும்போது எது முதல், எது இரண்டாவது என்பதால் முடிவு மாறாது. ஆனாலும் மனிதரை முதலில் எடுப்பதே மேல். அவர் போய்விடுவார், வலை அங்கேயே கிடக்கும். பல கேமராக்களில் லைவ் வ்யூவில் (பின்திரையில்) முதல் படம் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்து இரண்டாவதைப் பொருத்தலாம். அப்படித் தெரியாதவர்கள் கட்டக் கோடுகளைத் திரையில் வைத்துக்கொண்டு, தலை எந்தச் சந்திப்பில் இருந்தது என்று நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். கேனன் கேமராக்களிலும் நிக்கானின் அண்மைக்கால மாடல்கள் சிலவற்றிலும், கார்டில் முன்பே எடுத்து வைத்த ரா (கேமரா பதப்படுத்தாத மூல) படம் ஒன்றை அடித்தளமாகத் தேர்ந்தெடுத்து அதன்மேல் புதிதாக எடுக்கலாம். அதனால் காலையில் காசிமேட்டில் எடுத்த உருவத்துக்கு, மாலையில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டின் துணிக்கடையில் நிரப்பல் தேடலாம்.

கேரம் பலகையில் இரட்டை வேடம்

இது சினிமாவின் பழைய வித்தை. நடிகர் ஒருவரே இரு வேடங்களில் எதிரெதிரே நிற்க வேண்டுமானால், லென்ஸின் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒரு பக்கம் நடிக்க வைத்து, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து மறுபக்கம் நடிக்க வைப்பார்கள். எங்கள் பக்கத்தில் தெருவுக்கொரு கேரம் பலகை இருப்பதால் இதைப் பழக ஆளுக்கும் இடத்துக்கும் பஞ்சமில்லை. ஒரே பையன் தன்னோடு தானே விளையாடும் படத்தை எடுத்துக் காட்டினால், அந்தத் தெருவில் அதன்பிறகு உங்களை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் மேனுவலில் பூட்டிவிட்டு, அடிட்டிவ் முறையில் இரண்டு படம் என்று வையுங்கள். லென்ஸுக்கு மிக அருகில் சட்டத்தின் சரிபாதியில் விளிம்பு வரும்படி அட்டையைப் பிடித்து இடப்பக்கம் எடுத்து, அட்டையை மறுபக்கம் மாற்றி வலப்பக்கம் எடுங்கள். ஒவ்வொரு பாதியும் ஒருமுறைதான் ஒளி பெறுவதால் ஸ்டாப் எதையும் குறைக்க வேண்டாம். அபெர்ச்சரை (லென்ஸின் ஒளித் துளையை) எஃப்4 அளவில் திறந்து வைத்தால் இணைப்பு மென்மையாகக் கரையும். எஃப்16 வரை மூடினால் கத்தியால் வெட்டிய கோடு தெரியும். நடுவில் கறுப்புப் பட்டை வந்தால் அட்டை இருமுறையும் நடுவைத் தாண்டியிருக்கிறது. வெளுத்த பட்டை வந்தால் இருமுறையும் நடுவை எட்டவில்லை. வெயில் வேகமாக மாறும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள், இரண்டு பாதிகளும் இரண்டு பொழுதுகளாகிவிடும். பலகையின் நடுவில் காய்களைக் குவிக்காமல் விடுவதும் உதவும், ஏனெனில் இணைப்பு விழும் இடத்தில் விவரம் குறைவாக இருக்க வேண்டும்.

குத்துச்சண்டை, ஒரு கறுப்புத் துணி

மல்டிபிள் எக்ஸ்போஷர் மெனுவே இல்லாத கேமராவுக்கு உரிய வழி இதுதான். 1880களில் பிரான்சில் எத்தியென்-ழூல் மாரே, கறுப்புப் பின்னணிக்கு முன்னால் வெள்ளை உடை அணிந்தவரை ஓடவிட்டு, ஒரே கண்ணாடித் தகட்டில் அவருடைய அசைவுகளைப் பலமுறை பதிவு செய்தார். உருவங்கள் ஒன்றோடொன்று குழம்பியபோது, ஆளுக்குக் கறுப்பு உடை போட்டு, கை கால்களின் வழியே வெள்ளைக் கோடுகளை மட்டும் ஓடவிட்டு மறுபடியும் எடுத்தார். வடசென்னையில் குத்துச்சண்டை பழகும் இளைஞர்கள் இருக்க, இதைப் பழக வேறு பொருள் தேட வேண்டியதில்லை.

இரவில், விளக்குகளை அணைத்துவிடக்கூடிய ஓர் அறை வேண்டும். சுவரில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, வீரரை அதிலிருந்து குறைந்தது ஆறு அடி முன்னால் நிறுத்துங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப்8, ஷட்டர் 15 வினாடி. அறை இருட்டானதும் ஷட்டரைத் திறந்து, தனியாகக் கையில் பிடித்த ஃபிளாஷை வீரரின் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். ஒளி துணியின்மேல் படக் கூடாது. ஒரு ஃபிளாஷ் அடி, ஒரு நிலை; அவர் கையை நகர்த்தியதும் அடுத்த அடி. இப்படி நான்கைந்து.

முதல்முறை எடுக்கும் எல்லாருக்கும் ஒரே கோளாறு வரும். கைகள் அழகாக விசிறிபோல் விரிந்திருக்கும், மார்பும் முகமும் மட்டும் வெந்துபோனதுபோல் வெளுத்திருக்கும். கை ஒவ்வொரு முறையும் புது இடத்தில் இருந்தது, உடல் ஒரே இடத்தில் ஐந்து முறை ஒளி வாங்கியது, அவ்வளவுதான் காரணம். ஒவ்வொரு அடிக்கும் வீரரை அரையடி பக்கவாட்டில் நகரச் சொல்லலாம். அல்லது மாரேயின் இரண்டாவது வழியைப் பின்பற்றிக் கறுப்பு பனியன் போடச் செய்து, கையுறையில் மட்டும் வெள்ளை டேப் ஒட்டலாம். எனக்குப் பின்னதே பிடிக்கும். உடல் இருளில் மறைய, கையுறைகள் பாதையாக நிற்கும். ஃபிளாஷுக்கு வலிமையைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் கடைசி அடியை மட்டும் முழு வலிமையில் கொடுங்கள். குத்து எங்கே முடிந்தது என்பது பார்ப்பவருக்கு உடனே தெரியும்.

தீபாவளி இரவில் மொட்டை மாடியிலிருந்து வாணங்களை எடுப்பதும் இதே வழிதான். ஷட்டரை 30 வினாடி திறந்து, லென்ஸைக் கறுப்பு அட்டையால் மூடி, ராக்கெட் ஏறும்போது மட்டும் அட்டையை விலக்கினால் போதும்.

கூட்டமும் நிலவும்

தங்கசாலைத் தெருவில், நெரிசலுக்கு எட்டாத ஒரு மாடிப் படியிலோ திண்ணையிலோ அனுமதி கேட்டு முக்காலியை வைத்து, ஆவரேஜ் முறையில் ஒன்பது படங்களை இரண்டு மூன்று வினாடி இடைவெளியில் எடுத்துப் பாருங்கள். கட்டிடங்களும் பெயர்ப்பலகைகளும் உறுதியாக நிற்கும். நடந்து கடந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒன்பதில் ஒரு பங்கு மட்டுமே பதிவதால் புகையாகிவிடுவார்கள். நின்று பேரம் பேசியவர்கள் மட்டும் மனிதர்களாக மிஞ்சுவார்கள். சில கேமராக்கள் இடையில் நெடுநேரம் சும்மா இருந்தால் அதுவரை எடுத்ததோடு சேர்த்து முடித்துவிடும். ஆகவே ஆட்டோ போகட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நிலவுக்கு பிரைட் முறைதான் வேண்டும். 200 மிமீ லென்ஸில் ஐஎஸ்ஓ 100, எஃப்11, 1/100 வினாடி என்று வைத்து, கறுத்த வானத்தில் நிலவை முதலில் எடுங்கள். சென்சாரில் விழும் நிலவின் அளவு லென்ஸின் குவியத் தூரத்தில் ஏறத்தாழ 110இல் ஒரு பங்கு. அதாவது 200 மிமீ லென்ஸில் இரண்டு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 36 மிமீ அகலச் சென்சார் கொண்ட முழுச்சட்டக் கேமராவில் அது அகலத்தில் இருபதில் ஒரு பங்கு. பிறகு அகல லென்ஸுக்கு மாறி, எண்ணூர் முகத்துவாரத்தின் இக்கரையிலிருந்து அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளை அந்திவேளையில் எடுத்துச் சேர்க்கலாம். அடிட்டிவ் முறையில் எடுத்தால் அந்தி வானத்தின் ஒளி நிலவின் கறைகளுக்குள் புகுந்து அதை வெள்ளைப் பொட்டாக்கிவிடும். மதிலை ஒட்டி முக்காலி நாட்டினால் காவலர் வந்து விசாரிப்பார், தொலைவில் இருப்பதே நல்லது. இன்னொன்று: அந்தியில் முழுநிலவு கடல் பக்கம்தான் எழும். அதை மேற்கே புகைபோக்கிக்குப் பின்னால் ஒட்டிவைத்து, "பௌர்ணமி மாலை" என்று பெயரிட்டு ஒரு கண்காட்சிக்கு அனுப்பிய நண்பரின் படத்தை, கட்டுமரம் ஓட்டிய ஒரு பெரியவர் பார்த்த மாத்திரத்தில் சிரித்துவிட்டார்.

கைபேசியில் பழக விரும்பினால் ஸ்னாப்சீட் செயலியில் டபுள் எக்ஸ்போஷர் என்றே ஒரு கருவி உண்டு; லைட்டன், டார்க்கன், ஆட் முதலான முறைகளும் அதில் உள்ளன. இருட்டின் வடிவத்தைப் பார்க்கக் கண்ணைப் பழக்குவதற்கு அது போதும்.

ஃபிலிமுக்குத் திரும்புபவர்களுக்கு

நிக்கான் எஃப்எம்2 போன்ற சில கேமராக்களில் ஃபிலிம் நகராமல் ஷட்டரை மட்டும் ஏற்ற ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அது இல்லாத பல எஸ்எல்ஆர் கேமராக்களில், பின்சுற்றும் கைப்பிடியால் ஃபிலிமின் தளர்வை நீக்கி அதை இறுகப் பிடித்துக்கொண்டு, அடியிலுள்ள பின்சுற்றுப் பொத்தானை அழுத்தியபடியே முன்சுற்றும் நெம்புகோலை இழுத்தால் ஷட்டர் ஏறும், ஃபிலிம் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கும். ஹோல்கா என்ற பிளாஸ்டிக் கேமராவில் சுற்றுவதற்கும் ஷட்டருக்கும் தொடர்பே இல்லாததால், சுற்றாமல் மறுபடி அழுத்தினால் போதும். அதனால்தான் அதில் வேண்டாத இரட்டைப் படங்களும் அத்தனை வருகின்றன.

ரோல் முழுவதையும் இருமுறை ஓட்டுவது இன்னும் சுவாரசியமானது. நீங்கள் பெரம்பூரில் எடுத்த ரோலை எண்ணூர் நண்பரிடம் கொடுத்து, என்ன எடுத்தீர்கள் என்று சொல்லாமலே அவரை எடுக்க வைக்கலாம். முதல்முறை ஏற்றும்போது, கேமராவின் ஓரப் பல்சக்கரத்துக்கு நேராக ஃபிலிமின் எந்தத் துளை இருந்தது என்று மார்க்கரால் கோடிட்டு வைத்தால், இரண்டாம் முறையும் அதே இடத்தில் ஏற்றலாம். சட்டங்கள் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும். பின்சுற்றும்போது கடைசியில் ஃபிலிம் விடுபடும் சத்தம் கேட்டதும் நிறுத்திவிட்டால் முனை உள்ளே போகாது. டப்பாவின் மேல் "ஒருமுறை ஆனது" என்று உடனே எழுதுங்கள். என்னதான் கோடிட்டாலும் சட்டங்கள் சில நேரம் அரைக்கால் பங்கு விலகிவிடும் என்பதால், லேபில் கொடுக்கும்போது நெகட்டிவை ஆறாறாக வெட்டாமல் முழுச் சுருளாகத் தரும்படி கேட்டு, அதை ரசீதிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே வெட்டுவது என்று வீட்டில் வெளிச்சத்தின்முன் பிடித்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம்.